சகபணியாளர் உறவு

சகபணியாளர் உறவு என்பது ஒரு பணியிடத்தில் ஏறத்தாழ ஒரே நிலையில் வேலை செய்பவர்களிடையே உருவாகும் உறவையும், அவர்களுக்குள் நிகழும் தொடர்பாடலையும் குறிக்கும். நிறுவனத்தின் அதிகாரப் படிநிலையைக் காட்டும் வரைபடங்களில் இவ்வுறவு இடம்பெறுவதில்லை. ஆயினும் வேலை எவ்வளவு நடக்கிறது, எவ்வாறு நடக்கிறது என்பதைப் பல வேளைகளில் இதுவே தீர்மானிக்கிறது.

வகைகள்

கேத்தி கிராம், லின் இசபெல்லா ஆகியோர் 1985 இல் வெளியிட்ட ஆய்வு சகபணியாளர்களை மூவகைப்படுத்தியது. வேலை பற்றிய செய்திகளை மட்டும் பகிர்பவர் தகவல் தோழர். வேலையுடன் ஓரளவு குடும்ப விடயங்களையும் பேசக்கூடியவர் பணித் தோழர். எதையும் மறைக்காமல் பேசத்தக்கவர் உற்ற தோழர். முதல் வகையினர் ஒருவருக்குப் பலர் இருப்பர். மூன்றாம் வகையினர் அரிது, அந்நெருக்கம் உருவாகப் பல ஆண்டுகள் ஆகும்.

ஹாதோர்ன் ஆய்வு

இத்துறையில் அதிகம் பேசப்படுவது ஐக்கிய அமெரிக்காவின் இலினொய் மாநிலத்தில், வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தின் ஹாதோர்ன் தொழிற்சாலையில் 1931-32 இல் நடந்த ஆய்வு ஆகும். தொலைபேசி இணைப்பகக் கருவிகளுக்குக் கம்பி இணைக்கும் 14 ஆண்கள் ஒரு தனி அறையில் அமர்த்தப்பட்டனர். ஒன்பது பேர் கம்பி இணைத்தனர், மூவர் பற்றவைத்தனர், இருவர் சரிபார்த்தனர். அறையின் ஒரு பக்கத்தில் நோக்கர் ஒருவர் அமர்ந்து நடப்பவற்றைக் குறித்துவந்தார்.

ஊதியம் குழுவின் மொத்த உற்பத்தியைப் பொறுத்திருந்தது. எனவே ஒருவரையொருவர் விரைவுபடுத்துவர் என்பதே நிர்வாகத்தின் எதிர்பார்ப்பு. நடந்ததோ வேறு. நாளொன்றுக்குச் சுமார் 6,600 இணைப்புகள் போதும் என்று தொழிலாளர்கள் தமக்குள் முடிவு செய்திருந்தனர். இதை மீறி விரைபவரின் மேற்கையில் ஒரு குத்து விழும். மிகக் குறைவாகச் செய்பவரும் ஏளனத்துக்கு உள்ளானார். எல்லாவற்றிலும் பெரிய குற்றம் சக தொழிலாளியை மேலாளரிடம் காட்டிக்கொடுப்பது. மறுபுறம், விதிக்கு மாறாக ஒருவர் வேலையில் மற்றவர் கைகொடுப்பதும், வேலைகளை மாற்றிக்கொள்வதும் வழக்கமாக இருந்தன.

உற்பத்தி கூடினால் கூலி வீதம் குறைக்கப்படும், அல்லது சிலர் வேலை இழப்பர் என்னும் அச்சமே இதற்குக் காரணமாகக் கூறப்பட்டது. 1939 இல் ஆய்வு முடிவுகளை நூலாக்கிய ரோத்லிஸ்பெர்கரும் டிக்சனும் இவ்வச்சத்தை ஏரணத்துக்கு உட்பட்டதாகக் கருதவில்லை. ஆனால் அது பெரும் பொருளியல் வீழ்ச்சிக் காலம். வேலையின்மை காரணமாக 1932 இல் அந்த அறையே மூடப்பட்டது. எனவே அச்சம் ஆதாரமற்றது என்பது ஏற்கத்தக்கதாகத் தோன்றவில்லை.

கதை வழிக் கற்றல்

நெருக்கம் உற்பத்தியைத் தடுக்கும் என்று இதிலிருந்து பொதுமைப்படுத்த இயலாது. மானிடவியலாளர் ஜூலியன் ஓர், செராக்ஸ் நிறுவனத்தின் நகல் பொறி பழுதுபார்ப்பவர்களுடன் சென்று ஆய்வு செய்தார் (நூல்: 1996). நிறுவனம் அளித்த கையேடு பல பழுதுகளுக்கு உதவவில்லை. பழுதுபார்ப்பவர்கள் உணவு வேளையில் கூடி, தாம் சந்தித்த முரட்டுப் பொறிகளைப் பற்றிக் கதை கதையாகப் பேசினர். அரட்டை போல் தோன்றிய இப்பேச்சிலேயே கையேட்டில் இல்லாத தொழிலறிவு கைமாறியது. பின்னர் இந்நிறுவனம் உருவாக்கிய யூரேக்கா என்னும் தரவுத்தளத்தில், பழுதுபார்ப்பவர்கள் எழுதும் குறிப்புகள் அவரவர் பெயருடனேயே சேர்க்கப்பட்டன.