வடக்குச் சிலாங்கூரின் ‘தூலாங் மாவாஸ்’: தொல் இரும்புக் கருவிகளின் தோற்றமும் காலமும்

கெர்லிங்கிலிருந்து கலும்பாங் வழியாகத் தஞ்சோங் மாலிம் செல்லும் பழைய சாலை பெர்னாம் ஆற்றுப் பள்ளத்தாக்கை அடைகிறது. சிலாங்கூருக்கும் பேராக்கிற்கும் எல்லையாக அமைந்த இப்பள்ளத்தாக்கிலும், அதற்கு வடக்கே சிலிம், சுங்காய் வட்டாரங்களிலும் கற்பலகைகளால் அமைக்கப்பட்ட ஈமக்குழிகள் கண்டறியப்பட்டுள்ளன. பேராக்கின் குழிகளைப் பற்றி எவன்ஸ் 1928ஆம் ஆண்டிலும், தென்பேராக், சிலாங்கூர்க் கண்டுபிடிப்புகளைப் பற்றி ராஃபிள்ஸ் அரும்பொருளகத்தைச் சார்ந்த காலிங்ஸ் 1937ஆம் ஆண்டிலும் எழுதினர். மட்பாண்டங்கள், கண்ணாடி மணிகள், சூதுபவள மணிகள் ஆகியவற்றோடு இரும்புக் கத்திகள், கோடரிகள், ஈட்டிமுனைகள் போன்றனவும் இத்தகைய குழிகளுக்கு உரியன.

இவ்விரும்புக் கருவிகளை மலாய் மக்கள் ‘தூலாங் மாவாஸ்’, அதாவது மாவாஸின் எலும்பு என்றனர். மாவாஸ் என்பது காட்டில் வாழும் பெருங்குரங்கு போன்றதோர் உயிர். அதன் முன்கை கூரிய இரும்பால் ஆனது என்பது நாட்டார் நம்பிக்கை. மண்ணில் கிடைத்த இரும்பை மனிதர் செய்தது என்றே எண்ணாத அளவிற்கு அதனைச் செய்தோர் மறக்கப்பட்டுவிட்டனர். இம்மறதி தொன்மையைச் சுட்டுமேயன்றிக் காலத்தைக் கணித்துத் தராது.

இவற்றின் தோற்றம் குறித்து நம்மிடையே ஓர் எளிய விடை வழங்கி வருகிறது. கல்லாலான ஈமக்குழி, சூதுபவளம், இரும்பு ஆகிய மூன்றும் ஒருங்கே கிடைப்பதால் இவை தமிழகப் பெருங்கற்காலப் பண்பாட்டின் நீட்சி என்பதே அவ்விடை. ஆயின், கருவிகளின் வடிவம் இதற்கு இடந்தரவில்லை. தென்னிந்தியப் பெருங்கற்காலக் கோடரி தட்டையானது. காம்பு செருகத் துளையில்லாதது. குறுக்கும் நெடுக்குமான இரும்புப் பட்டைகளால் காம்போடு பிணைக்கப்பட்டது. ‘தூலாங் மாவாஸ்’ கருவிகளிலோ காம்பு செருகுவதற்குரிய குழலோ துளையோ உண்டு. ஒரு கொல்லன் தன் ஆசானிடம் கற்றதை எளிதில் கைவிடுவதில்லை. காம்பு பொருத்தும் முறையே வேறுபடுகையில் கொல்லுத் தொழிலின் மரபும் வேறு என்று கொள்வதே பொருத்தமாகும். மணிகளின் நிலை வேறு. அவை வணிகப் பொருள்கள், கைமாறி வருவன. தென்தாய்லாந்தின் குவான் லுக் பாட்டில் தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த பொற்கொல்லரின் உரைகல் கிடைத்திருப்பது தமிழகக் கைவினைஞர் இத்தீபகற்பத்திற்கு வந்ததற்குச் சான்று. பெர்னாம் இரும்பை அவர்கள் அடித்தனர் என்பதற்கு அது சான்றாகாது.

காலக்கணிப்பு இதனினும் சிக்கலானது. அமில மண்ணில் எலும்பு நிலைப்பதில்லை. எனவே மரமும் கரியுமே கரிமக் கணிப்பிற்குப் பெரிதும் உதவுகின்றன. பந்திங் அருகே கம்போங் சுங்கை லாங்கில் 1964ஆம் ஆண்டு கிடைத்த இரண்டு டோங்சோன் வெண்கல முரசுகளின் காலத்தை, அவற்றின் கீழிருந்த பலகையைக் கொண்டே கணித்தனர். அக்கணிப்பு மரம் வளர்ந்த காலத்தைக் காட்டும். முரசு புதைக்கப்பட்ட நாளை அன்று. நூற்றாண்டுகள் வாழும் மழைக்காட்டு மரங்களில் இவ்வேறுபாடு சிறிதன்று. உருக்கினுள் எஞ்சிய கரிமத்தையே அளப்பது நேரிய வழியெனினும், அதற்குக் கருவியின் ஒரு பகுதியை அழிக்க வேண்டியுள்ளது. உருக்க உதவிய கரியும் முதுமரத்தினதாக இருக்கலாம்.

தமிழகத்திலும் இவ்வினா எழுந்துள்ளது. ஆதிச்சநல்லூரில் அலெக்சாண்டர் ரீ 1899 முதல் அகழ்ந்தெடுத்த வாள்களும் குறுவாள்களும் நெடுங்காலம் வடிவ ஒப்புமையைக் கொண்டே காலம் குறிக்கப்பெற்றன. மயிலாடும்பாறையின் இரும்பிற்குக் கி.மு. 2172 எனவும், சிவகளைக்குக் கி.மு. 4ஆம் ஆயிரத்தாண்டு எனவும் தமிழக அரசு முறையே 2022, 2025ஆம் ஆண்டுகளில் அறிவித்தது. இவை இரும்போடு ஒருங்கு கிடைத்தவற்றின் காலம். இரும்பின் காலமாக ஏற்கப்படுவது அவ்வொருங்கிருப்பு கலையாதிருந்ததா என்பதைப் பொறுத்தது. இவ்வாண்டுகளைப் பெர்னாமிற்கு ஏற்றிச் சொல்லும் வழக்கம் மேடைக்கு உதவலாம், வகுப்பறைக்கு உதவாது.

‘தூலாங் மாவாஸ்’ கருவிகளுள் பல, முறையான அகழாய்வின்றித் தற்செயலாகக் கிடைத்தவை. கிடைத்த ஆழமும் உடனிருந்த பொருளும் குறிக்கப்படாத கத்தி, எந்த ஆய்வுக்கூடத்திலும் தன் காலத்தை முழுமையாகச் சொல்லாது. 2005ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டத்தின்படி, இத்தகைய பொருளைக் கண்டெடுப்போர் மரபுடைமை ஆணையருக்கோ மாவட்ட அதிகாரிக்கோ அறிவித்தல் வேண்டும். செம்பனை மறுநடவின்போது மண்வாரி இயந்திரம் ஆழமாகத் தோண்டுகிறது. கெர்லிங் வட்டாரத் தோட்டப்புறப் பள்ளி ஆசிரியர்கள் இவ்விதியைப் பெற்றோரிடம் எடுத்துரைப்பின், அடுத்த கருவியேனும் அது கிடந்த இடத்திலேயே படமெடுக்கப்பட்டு, உடனிருந்த கரித்துண்டோடு ஆய்விற்கு வரக்கூடும்.