எழுதாத காகிதம்

தஞ்சாவூர்ப் பக்கம் பெண் கொடுக்கவோ நிலம் குத்தகைக்கு விடவோ ஒருவரைப் பற்றி விசாரித்தால், "ஆள் எப்படி, நாணயமா?" என்றுதான் கேட்பார்கள். மற்ற குணமெல்லாம் பிறகு. காசுக்கும் நேர்மைக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டவர்கள் நாம். சென்ற வாரம் தேவனுடைய இரக்கத்தைப் பற்றி எழுதினேன். இந்த வாரம் அவருடைய உண்மை. வேதத்தில் 'உண்மையுள்ளவர்' என்று வாசிக்கும்போதெல்லாம் என் அப்பா காதில் 'நாணயமானவர்' என்றுதான் விழுந்திருக்கும். நெல் தரகு செய்தவர் அவர். அவருக்குத் தெரிந்த பெரிய குணம் அதுதான்.

எபிரேயத்தில் இந்த உண்மைக்கு 'எமுனா' என்று பெயர். ஜெபத்தின் முடிவில் நாம் சொல்லும் ஆமெனும் அதே வேரிலிருந்து வந்ததுதான். வேதத்தில் எமுனா முதன்முதலாக வரும் இடம் யாத்திராகமம் 17. அங்கே அது தேவனைப் பற்றிய சொல்லாக இல்லை, ஒரு கிழவரின் கைகளைப் பற்றியது. அமலேக்கியரோடு யுத்தம். மோசே கையை உயர்த்தியிருக்கும்வரை இஸ்ரவேலுக்கு ஜெயம், இறக்கினால் தோல்வி. கை தளர்ந்தபோது ஆரோனும் ஊரும் இருபுறமும் தாங்கிக்கொள்ள, பொழுது சாயும்வரை அந்தக் கைகள் அசையாமல் நின்றன. (ஊர் என்பது ஓர் ஆளின் பெயர். சின்ன வயதில் ஊரே திரண்டுபோய்த் தாங்கியது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போதும் அந்த அர்த்தத்தை முழுவதுமாக விட மனமில்லை.) பொழுது சாயும்வரை என்பதை நினைவில் வையுங்கள், அதற்குத் திரும்ப வருவேன்.

பெரிய கோயிலை ஒட்டியுள்ள சிவகங்கைப் பூங்காவுக்குப் போனவர்கள் அங்கே 1779-இல் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் கட்டிய ஆலயத்தைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே ஃபிளாக்ஸ்மன் என்ற ஆங்கிலச் சிற்பி செதுக்கிய சலவைக்கல். கட்டிலில் ஐயர் மரணப்படுக்கையில் கிடக்கிறார், சரபோஜி மன்னர் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். கல்லை வரவழைத்ததும் அதே மன்னர்தான். அவர் கடைசிவரை கிறிஸ்தவர் ஆகவில்லை. பார்க்கிறவர்கள் எல்லோரும் இந்தக் கையைப் பற்றித்தான் பேசுவார்கள். எனக்கோ அந்தக் கல்லில் இல்லாத கைகள் மேல்தான் நினைப்பு.

1781-ஐ ஒட்டிய காலம். ஹைதர் அலியின் படை சோழ நாட்டைச் சூறையாடிக்கொண்டிருந்தது. தஞ்சைக் கோட்டைக்குள் பஞ்சம். காலையில் கதவைத் திறந்தால் தெருவில் பிணம், பசியில் சிப்பாய்களே சுருண்டு விழுந்தார்கள். இத்தனைக்கும் சுற்றுப்பட்டுக் கிராமங்களில் நெல் இருந்தது. கோட்டைக்கு ஏற்றிவர மாடுதான் இல்லை. மாடு இல்லை என்பதைவிட, மாட்டை ஓட்டிவர ஆள் வரவில்லை என்பதே சரி. முன்பு ஒருதரம் நெல் கொண்டுவந்த குடியானவர்களின் கூலியை இடைத்தரகர்களான துபாஷிகள் பிடுங்கிக்கொண்டார்கள். அதோடு சரி, ஜனங்கள் மாட்டை ஓட்டிக்கொண்டு ஒதுங்கிவிட்டார்கள். ராஜா ஆணையிட்டார், அப்புறம் கெஞ்சினார். ஒருவரும் அசையவில்லை.

அப்போது துளஜா மகாராஜா, கிழக்கிந்தியக் கும்பினி அதிகாரி ஒருவரிடம், உங்கள் பேச்சும் என் பேச்சும் இனி செல்லாது, சுவார்ட்ஸ் ஐயரை நம்புகிறார்களா என்று பார்க்கலாம் என்று சொல்லியனுப்பினார். ஒரு ராஜா தன் வாக்கு செல்லாக்காசு ஆகிவிட்டதைத் தானே ஒப்புக்கொண்ட இடம் நம் சரித்திரத்தில் அதிகம் இருக்காது. சொன்னதோடு நிற்கவில்லை. ஐயருக்கு ஒரு வெற்றுக் காகிதத்தை அனுப்பிவைத்தார். ஜனங்களோடு என்ன ஒப்பந்தம் வேண்டுமானாலும் அதில் எழுதிக்கொள்ளலாம்.

ஐயர் சுற்றிலும் கடிதம் அனுப்பினார். ஒவ்வொருவருக்கும் கூலியை என் கையாலேயே தருவேன். எதிரி பிடித்துக்கொண்டுபோகும் மாட்டுக்கும் விலை தருவேன். இவ்வளவுதான். ஓரிரு நாளில் ஆயிரம் மாடுகளுக்கு மேல் வந்து நின்றன. உபதேசியாரையும் சபையார் சிலரையும் கிராமங்களுக்கு அனுப்பினார். ஹைதரின் குதிரைகள் திரியும் வழியில் உயிரைப் பணயம் வைத்துப் போய், அவர்கள் கோட்டைக்குள் சேர்த்த நெல் 80,000 கலம். கலத்துக்குப் பன்னிரண்டு மரக்கால், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். நான் சொன்ன கைகள் இவர்களுடையவைதான்.

எல்லாம் முடிந்ததும் ஐயர் கூலியைக் கொடுத்தார். தன் பணம் போதாமல், தன்னிடம் இருந்த பிறர் பணத்தையும் போட்டுக் கொடுத்து, மேலே கொஞ்சம் இனாமும் வைத்து அனுப்பினார்.

ஏன் இவரை நம்பினார்கள்? பிரசங்கத்தைக் கேட்டு என்று சொல்ல எனக்கு ஆசைதான். ஆனால் மாட்டை அனுப்பியவர்களில் பெரும்பாலோர் அவர் பிரசங்கத்தைக் கேட்டே இருக்கமாட்டார்கள். திருச்சியில் இருந்த நாளில் ஒரு கட்டில் போட்டால் நிறைந்துவிடும் அறையில் குடியிருந்து, சோறும் காய்கறியும் சாப்பிட்டு, சம்பளத்தை ஊழியத்துக்குச் செலவிட்டவர் என்ற பேச்சு பரவியிருக்க வேண்டும். 1779-இல் சென்னை கவர்னருக்காக ஸ்ரீரங்கப்பட்டணம் போய் ஹைதரைப் பார்த்தார். ஹைதர் வழிச்செலவுக்குக் கொடுத்த 300 ரூபாயைக் கொண்டுவந்து சர்க்கார் முன் வைத்தார். நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றதும், தஞ்சையில் ஏழைப் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்கு முதலாக்கினார். அவரைக் குறையில்லாத மனிதராக்கவும் நான் தயாரில்லை. கும்பினியின் காரியங்களில் அவர் கை இருந்தது. அவர் பாதுகாத்து வளர்த்த சரபோஜியின் காலத்திலேயே, 1799-இல், ராஜ்யம் கும்பினியின் கைக்குப் போனது. மாட்டுக்காரர்கள் இதையெல்லாம் எடைபோட்டிருக்கமாட்டார்கள். இந்த ஆள் சொன்னால் கூலி வரும் என்பது மட்டும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

சில வருஷம் கழித்து அதே கதை வேறு உருவில் நடந்தது. வரிக் கொடுமை தாங்காமல் 65,000 பேர் சீமையை விட்டு ஓடிவிட்டார்கள். வயல் தரிசு. திரும்பி வாருங்கள் என்று ராஜா அழைத்தார், நம்புவார் இல்லை. ஐயர் வாக்குக் கொடுத்ததும் ஒரே நாளில் 7,000 பேர் திரும்பினார்கள். பருவம் தப்பிக்கொண்டிருந்த நேரம். ராப்பகலாகப் பாடுபட்டு, முந்தின வருஷத்தைவிட நல்ல விளைச்சலைக் கொண்டுவந்தார்கள்.

தேவனுடைய உண்மை என்பதை நான் ஜெபத்துக்குப் பதில் வருவதோடு மட்டும் சேர்த்துப் பார்த்துவந்திருக்கிறேன். கேட்டேன், கிடைத்தது, ஆகவே அவர் உண்மையுள்ளவர். லேவியராகமம் 19-ம் உபாகமம் 24-ம் அதைக் கூலிக்காரன் பக்கத்திலிருந்து பார்க்கின்றன. அவன் கூலியை விடியும்வரை வைத்துக்கொள்ளாதே, பொழுது சாயும் முன் கொடு என்பது கட்டளை. மோசேயின் கைகள் நின்ற அதே பொழுதுவரை. கூலி கிடைக்காதவன் கூப்பிடுவது நேரே தேவனைத்தான் என்றும் அங்கே இருக்கிறது.

போன வருஷம் புரட்டாசிக் கடைசியில் என் இரண்டு மா நிலத்தில் சம்பா நடவு. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் பெண்கள் கரையேறினார்கள். ஏ.டி.எம்.மில் பணம் இல்லை, திங்கட்கிழமை வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன். ஏ.டி.எம்.மில் பணம் இல்லாதது உண்மைதான். ஆனால் வீட்டு பீரோவில் டி.ஏ.பி. உரம் வாங்க எடுத்துவைத்த ரூபாய் இருந்தது. மறுநாள் ஆலயத்தில் வேதபாடம் வாசிக்க என்னைத்தான் கூப்பிட்டார்கள். வேறு ஏதோ அதிகாரம்தான். ஆனாலும் எனக்குக் குரல் சரியாக எழும்பவில்லை.

திங்கட்கிழமை விடிந்ததும் எடுத்துக்கொண்டு ஓடினேன். பக்கத்து வயலில் நடவு. ஆள் கூட்டிவரும் அக்கா சேற்றுக் கையை வாய்க்காலில் அலசி, முந்தானையில் துடைத்துக்கொண்டு வாங்கி எண்ணினார்.

"ரெண்டு நாளாயிடுச்சு, தப்பா நெனச்சுக்காதீங்கக்கா" என்றேன்.

"நீங்க குடுப்பீங்கன்னு எனக்குத் தெரியும் தம்பி. மளிகைக் கடைக்காரருக்குத்தான் தெரியல" என்றார். பணத்தைச் சுருக்குப் பையில் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டு மறுபடி சேற்றில் இறங்கினார்.

(தொடரும்)