முதல் முக்கோணமும் முழு கேமும்

திரை விளையாட்டுத் தொழில் – 11

புது கன்சோல் ஒன்று சந்தைக்கு வரும்போதெல்லாம் கூடவே ஒரு வதந்தியும் வந்துவிடுகிறது. கம்பெனி இந்த முறை கேம்களைச் சீக்கிரம் செய்து முடிக்கும் வித்தையைக் கற்றுக்கொண்டுவிட்டதாம், இனி ஒரு பெரிய கேமுக்காக ஐந்தாறு வருடம் காத்திருக்க வேண்டாமாம். சோனிக்கும் இதைச் சொன்னார்கள், நிண்டெண்டோவுக்கும் சொன்னார்கள். சோனியின் பிளேஸ்டேஷன் 5 இந்தியாவில் 49,990 ரூபாய்க்கு விற்பனைக்கு வந்தது. அவ்வளவு பணம் போட்டு வாங்குகிறவர் பெட்டிக்காக வாங்குவதில்லை, அதில் ஓடப்போகும் கேம்களுக்காக வாங்குகிறார். ஆகவே இந்த வதந்தியை உரசிப் பார்க்காமல் விடக்கூடாது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கருவி எளிதாவதால் கேம் சீக்கிரம் முடிந்துவிடாது.

வதந்திக்கு அடிப்படையே இல்லை என்று சொல்ல முடியாது. பிளேஸ்டேஷன் 5-ஐ வடிவமைத்த மார்க் செர்னி, 2020 மார்ச்சில் நிகழ்த்திய உரையில் ஒரு கணக்கைக் காட்டினார். முப்பரிமாணப் படங்கள் எல்லாம் சின்னச் சின்ன முக்கோணங்களை ஒட்டி உருவாக்கப்படுபவை. புதுக் கருவி கைக்கு வந்ததிலிருந்து, அதைப் புரிந்துகொண்டு திரையில் முதல் முக்கோணத்தை வரவழைக்க எத்தனை காலம் ஆகிறது என்பதுதான் அந்தக் கணக்கு. முதல் பிளேஸ்டேஷனில் ஒன்றிரண்டு மாதம். இரண்டாவதில் மூன்று முதல் ஆறு மாதம். மூன்றாவதில் ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை. நான்காவதில் மறுபடியும் ஒன்றிரண்டு மாதம். ஐந்தாவதில் ஒரு மாதத்துக்கும் குறைவு. கருவி எளிதாகிவிட்டது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம்.

ஆனால் இதே கணக்கின் பக்கத்தில் சோனிக்குச் சொந்தமான நாட்டி டாக் நிறுவனத்தின் கணக்கை வைத்துப் பாருங்கள். வேலை செய்யவே கடினமான கருவி என்று பெயரெடுத்த பிளேஸ்டேஷன் 3 வந்தது 2006 நவம்பரில். அதில் 2007, 2009, 2011 ஆகிய ஆண்டுகளில் மூன்று ‘அன்சார்ட்டட்’ கேம்களையும், 2013-இல் ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ்’ கேமையும் அந்த நிறுவனம் வெளியிட்டது. மிக எளிதான பிளேஸ்டேஷன் 5 வந்தது 2020 நவம்பரில். அடுத்த ஐந்தாண்டுகளில் நாட்டி டாக்கிடமிருந்து வந்தவை எல்லாம் பழைய கேம்களின் புதுப்பித்த வடிவங்கள். புத்தம் புதிதாக ஒன்றுகூட வரவில்லை. தயாரிப்பில் இருந்த ஒரு பெரிய ஆன்லைன் கேமையும் 2023 டிசம்பரில் கைவிட்டார்கள். கடினமான கருவியில் ஏழு வருடத்துக்குள் நான்கு, எளிதான கருவியில் ஐந்து வருடத்தில் பூஜ்யம். கருவிதான் வேகத்தைத் தீர்மானிக்கிறது என்றால் இந்த எண்கள் தலைகீழாக அல்லவா இருந்திருக்க வேண்டும்?

காரணம் விளங்க ஆரணி, பெரியபாளையம் பக்கத்து வாசகர்கள் தூரமாகப் போக வேண்டியதில்லை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பிரஸ் ஓட்டுகிறவருக்கும் டூல் ரூமில் டை செய்கிறவருக்கும் உள்ள வித்தியாசம் தெரிந்தால் போதும். டை தயாராகிவிட்டால் உருப்படிகள் மளமளவென்று விழும், ஆனால் அந்த டையை வரைந்து, வெட்டி, சோதித்து, திருத்தி முடிக்கத்தான் நாள் பிடிக்கும். ஒவ்வொரு கேமும் ஒரு புது டை. எது விளையாடச் சுவாரசியமாக இருக்கும் என்பதைச் செய்து பார்த்துத்தான் கண்டுபிடிக்க முடியும், செய்ததில் பாதியைத் தூக்கி எறியவும் வேண்டியிருக்கும். அதோடு, கருவியின் சக்தி கூடக்கூட வாங்குகிறவரின் எதிர்பார்ப்பும் கூடுகிறது. மிச்சமான நேரத்தை எல்லாம் இன்னும் பெரிய ஊர்களும் இன்னும் நுணுக்கமான முகங்களும் விழுங்கிவிடுகின்றன. 2023-இல் ஒரு அமெரிக்க வழக்கில் சோனி கறுப்பு மையால் மறைத்துக் கொடுத்த ஆவணத்தில் மை சரியாக மறைக்காததால் உண்மை வெளிவந்தது: ‘ஹொரைசன் ஃபார்பிடன் வெஸ்ட்’ கேமுக்கு ஐந்து ஆண்டுகள், உச்சத்தில் 300 பேர், 21.2 கோடி டாலர்.

ஆட்களைக் கூட்டினால் முடியாதா என்று கேட்கலாம். அதற்குப் பதில் இந்தியாவிலேயே இருக்கிறது. ‘பிரின்ஸ் ஆஃப் பெர்சியா: சாண்ட்ஸ் ஆஃப் டைம்’ கேமைப் புதுப்பிக்கும் வேலையை யூபிசாஃப்ட் தன் புனே, மும்பை கிளைகளுக்குக் கொடுத்தது. 2020 செப்டம்பரில் அறிவிப்பு வந்தது, 2021 ஜனவரியில் வெளியீடு என்றார்கள். கதையும் கட்டங்களும் ஏற்கெனவே இருந்த கேம், பின்னால் நின்றதோ உலகின் பெரிய கேம் நிறுவனங்களில் ஒன்று. அப்படியும் தேதி மார்ச்சுக்குப் போனது, பிறகு தேதியே இல்லாமல் போனது. 2022-இல் வேலை மொன்றியலுக்கு மாறியது. கடைசியில் 2026 ஜனவரியில் அந்த கேமையே கைவிட்டார்கள்.

பழையதை மறுபடி பயன்படுத்தினால் வேகம் வருமே என்பது இதைவிட வலுவான கேள்வி. வரும், சில சமயம். நிண்டெண்டோ தன் செல்டா வரிசையில் வந்த ‘ஒக்கரினா ஆஃப் டைம்’ கேமின் பொருட்களையே வைத்து, பதினேழு மாதத்தில் ‘மஜோராஸ் மாஸ்க்’ கேமை 2000-இல் கொண்டுவந்தது. அதே நிறுவனம், அதே செல்டா வரிசை, அதே உத்தி: 2017-இல் வந்த கேமின் நிலப்பரப்பை வைத்தே அடுத்ததைச் செய்தார்கள். ‘டியர்ஸ் ஆஃப் தி கிங்டம்’ என்ற அந்த அடுத்த கேம் வெளிவர 2023 மே ஆகிவிட்டது. சிக்கனம் உதவும், ஆனால் வேகத்துக்கு உத்தரவாதம் தராது.

செயற்கை நுண்ணறிவு எல்லாவற்றையும் மாற்றிவிடும் என்பது இப்போதைய பேச்சு. படம் வரைவதும் நிரல் எழுதுவதும் அதனால் விரைவுபடலாம். எதை வைப்பது, எதை நீக்குவது என்ற முடிவு அப்போதும் மனிதர்களிடமே இருக்கும், நேரம் போவதும் அங்கேதான். குறைந்த காலத்தில் புதுமையான கேம் செய்வது சாத்தியம் என்று நிண்டெண்டோ தலைவர் ஷுண்டாரோ ஃபுருகாவா 2025-இல் பங்குதாரர்களிடம் சொன்னது உண்மைதான். ஆனால் பெரிய கேம்கள் எல்லாம் இனி சீக்கிரம் வரும் என்று அவர் சொல்லவில்லை. 2017-இல் அந்த நிறுவனம் அறிவித்த ‘மெட்ராய்ட் பிரைம் 4’, இடையில் ஒருமுறை முதலிலிருந்து தொடங்கப்பட்டு, 2025 டிசம்பரில்தான் வெளிவந்தது. சின்ன கேமுக்கும் காலம் வேண்டும். கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பத்தின் சமையலறையைக் காட்டும் ‘வெண்பா’, இரண்டு மணி நேரத்துக்குள் விளையாடி முடித்துவிடக்கூடியது. டொரண்டோவின் விசை கேம்ஸ் 2021-க்கு முன்பே தொடங்கிய அந்த வேலை 2023 ஜூலையில்தான் நிறைவு பெற்றது. அந்தப் பொறுமைக்குப் பலனும் கிடைத்தது: 2024-இல் முதல் படைப்புக்கான பாஃப்டா விருது.

ஆகவே அடுத்த முறை இந்த வதந்தி காதில் விழுந்தால் மூன்று கேள்வி கேளுங்கள். எந்த கேம்? எதைப் பழையதிலிருந்து எடுத்துக்கொண்டார்கள்? எதை விட்டுக்கொடுத்தார்கள்? மூன்றுக்கும் பதில் இருந்தால் நம்பலாம். பதில் இல்லையென்றால், வரப்போகிறதாகச் சொல்லும் கேமை நம்பி கன்சோல் வாங்காதீர்கள். இன்றைக்குக் கடையில் கிடைக்கும் கேம்கள் உங்களுக்குப் போதும் என்றால் மட்டும் வாங்குங்கள்.

(தொடரும்)