கோடி வேண்டும் என்கிற பிள்ளை

டீ சொல்லியாயிற்று. வருவதற்குள் கேள்வியைச் சரியாக வைத்துக்கொள்வோம். “நிறையப் பணம் சம்பாதிக்கணும் சார், கோடிக்கணக்கில. இப்படி ஆசைப்படுறது தப்பா?” கல்லூரி முடிக்கிற பிள்ளைகள் இதைக் கேட்கும்போது குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொள்கிறார்கள். கலெக்டர் ஆக வேண்டும் என்று சொல்லும்போது யாரும் தாழ்த்துவதில்லை.

தப்பில்லை என்பதுதான் என் பதில். ஆனால் அதோடு எழுந்து போய்விட முடியாது. அந்தப் பணம் யார் பையிலிருந்து வரப்போகிறது, கொடுத்தவருக்குப் பதிலுக்கு என்ன கிடைத்தது என்று ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது. அதைத்தான் பேச வேண்டும்.

அதற்கு முன்னால், ‘பேராசை பெருநஷ்டம்’ என்று சொல்கிறவர்கள் யார் என்று பாருங்கள். பெரும்பாலும் மாதம் பிறந்தால் பென்ஷன் வருகிறவர்கள், சொந்த வீட்டில் இருப்பவர்கள். மில் முதலாளி வீட்டுப் பையனிடம் யாரும் இதைச் சொல்வதில்லை. அவன் தொழிலைப் பெருக்குகிறான் என்பார்கள். குடும்பத்தின் முதல் பட்டதாரியாக வருகிற பெண்ணிடம்தான் போதுமென்ற மனத்தைப் பற்றிப் பேசுவார்கள். அவளுக்குப் பணம் என்பது அப்பா கட்டிக்கொண்டிருக்கும் வட்டி, அம்மாவின் மூட்டு ஆபரேஷன், மரியாதை இல்லாத இடத்தில் வேலையை விட்டுவிட்டு வரும் தைரியம். இதற்குப் பேராசை என்று பெயர் வைப்பது எனக்கு உடன்பாடில்லை.

மேடைப் பேச்சாளர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. திருக்குறளின் 133 அதிகாரங்களில் 70 பொருட்பால்தானே, வள்ளுவரே பணத்துக்குத்தான் அதிக இடம் கொடுத்தார் என்பார்கள். அந்த வாதம் நிற்காது. அந்த 70-இல் பெரும்பகுதி அரசு, அமைச்சு, படை, நட்பு பற்றியவை. பொருள் சேர்ப்பதை நேராகப் பேசுவது 76-ஆவது அதிகாரம், பொருள் செயல்வகை. அதில் தயக்கமே இல்லாமல் சம்பாதிக்கச் சொல்கிறார். பிறர் பொருள்மேல் கண் வைக்காதே என்று 18-ஆவது அதிகாரத்தில், வெஃகாமையில், முன்பே சொல்லிவிட்டார். நம் கேள்விக்கு இந்த இரண்டும் சேர்ந்தால்தான் பதில்.

‘பணம் வந்தால் நிம்மதி போய்விடும்’ என்பதற்கும் ஆதாரம் அவ்வளவு பலமாக இல்லை. அமெரிக்காவில் டேனியல் கானமனும் ஆங்கஸ் டீட்டனும் 2010-இல் வெளியிட்ட ஆய்வு, ஆண்டு வருமானம் 75,000 டாலர் அளவைத் தாண்டினால் அன்றாட மகிழ்ச்சி மேற்கொண்டு ஏறுவதில்லை என்றது. உலகமெங்கும் அதைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மேத்யூ கில்லிங்ஸ்வொர்த் என்பவர் வேறு தரவுகளோடு வந்து மறுத்தார். கானமன் அவரோடு சேர்ந்து கணக்கை மறுபடி போட்டு 2023-இல் கட்டுரை வெளியிட்டார்: பெரும்பாலோருக்கு வருமானம் ஏற ஏற மகிழ்ச்சியும் ஏறுகிறது, ஏற்கெனவே துயரத்தில் கிடக்கிற சிறு பகுதியினருக்குத்தான் ஓர் அளவோடு நின்றுவிடுகிறது. நோபல் பரிசு வாங்கியவர் எண்பது கடந்த வயதில் தன் முடிவைத் தானே திருத்திக்கொண்டது தனி அழகு. இன்னொரு ஆய்வையும் மறைக்கக் கூடாது. டிம் காஸர், ரிச்சர்ட் ரயன் இருவரும் 1993-இல் வெளியிட்டது. வாழ்க்கையில் மற்ற எதையும்விடப் பணமே முக்கியம் என்று வைத்த இளைஞர்களின் மனநலம் மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தது என்கிறது. ஆசை இருக்கலாம், ஆனால் அதை வரிசையின் முதலில் நிறுத்தும்போதுதான் சிக்கல் வருகிறது போலிருக்கிறது.

டீ வந்துவிட்டது. இனி கணக்கு. இருபத்தைந்து வயதில் மியூச்சுவல் ஃபண்டில் மாதம் 5,000 ரூபாய் எஸ்ஐபி போட ஆரம்பிக்கிறீர்கள். ஆண்டுக்கு 12 சதவீதம் வளர்வதாக வைத்துக்கொள்வோம், உத்தரவாதம் கிடையாது. ஐம்பத்தைந்து வயதில் சுமார் 1 கோடியே 76 லட்சம் இருக்கும். முப்பத்தைந்தில் ஆரம்பித்தால் 50 லட்சம்தான். சீக்கிரம் ஆரம்பிப்பதன் பலன் இது. ஆனால் விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால் அந்த 1 கோடியே 76 லட்சத்துக்கு இன்றைய மதிப்பு 30 லட்சத்தை ஒட்டித்தான். நல்ல சேமிப்பு, அவசியம் செய்யுங்கள். ஆனால் நீங்கள் குரலைத் தாழ்த்திக் கேட்ட பணம் இது இல்லை. சம்பளத்தில் மிச்சம் பிடித்துப் பெரும் பணக்காரர் ஆவது அரிது. வளரும் ஏதோ ஒன்றில் பங்கு வைத்திருப்பவருக்குத்தான் அது வருகிறது.

சென்னையில் 2010-இல் கிரீஷ் மாத்ருபூதம் நண்பரோடு தொடங்கிய ஃப்ரெஷ்வொர்க்ஸ் மென்பொருள் நிறுவனம் 2021 செப்டம்பரில் அமெரிக்காவின் நாஸ்டாக் சந்தையில் பட்டியலானது. ஊழியர்களில் 500-க்கும் மேற்பட்டோர் கோடீஸ்வரர்கள் ஆனதாகவும், அவர்களில் சுமார் 70 பேர் முப்பது வயதுக்குக் கீழ் என்றும் அவர் அப்போது சொன்னார். சம்பள உயர்வில் வந்ததல்ல, கம்பெனி கொடுத்திருந்த பங்குகளில் வந்தது. அந்தப் பணம் யாருடையது? மென்பொருள் பயன்படுகிறது என்று காசு கொடுத்த கம்பெனிகளுடையது. இந்த வியாபாரம் வளரும் என்று நம்பிப் பங்கு வாங்கியவர்களுடையது. கொடுத்தவர் கைக்கும் ஒன்று போயிருக்கிறது. 36 டாலருக்கு வெளியான பங்கு அடுத்த ஆண்டே 20 டாலருக்குக் கீழே போனதையும் சேர்த்துச் சொல்கிறேன். பங்காக இருக்கும் கோடியை விற்றுக் கையில் வாங்கும்வரை அது கோடி இல்லை.

திருப்பூரில் இந்தக் கணக்கு இவ்வளவு சுத்தமாக வராது. பனியன் வாங்கினவர் விலை கொடுத்தார், பொருளும் பெற்றார். ஆனால் சாயக்கழிவுக்கான விலையைக் கொடுத்தது நொய்யல் ஆறும், ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே இருந்த விவசாயிகளும். அவர்களை யாரும் கேட்கவில்லை. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு அந்தச் செலவைக் கணக்குப் புத்தகத்தில் ஏற்றாமல் இருக்க முடியவில்லை. முதலாளி ஆக விரும்பும் பிள்ளை இதையும் எழுதிக்கொள்ள வேண்டும்.

பெரிதாகச் சம்பாதித்தால் பெரிதாகச் செய்ய முடியும் என்பதற்குக் காரைக்குடி போய்ப் பார்க்கலாம். கோட்டையூரில் 1909-இல் பிறந்த அழகப்பச் செட்டியார் திருச்சூர் பக்கம் துணி ஆலை உட்படப் பல தொழில்களில் பணம் சேர்த்தவர். மத்திய மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடிக்கு வர 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948-இல் நேரு அடிக்கல் நாட்டினார். அப்போது செட்டியாருக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. இளம் வயதில் பணம் தேடாமல் இருந்திருந்தால் அந்த ஆய்வகம் வேறு ஊருக்குப் போயிருக்கும்.

இப்போது மறுபக்கம். இன்று பணம் வேண்டும் என்கிற பிள்ளைகளில் பலர் போய் நிற்பது ஃபோனில் இருக்கும் ஆப்ஷன் டிரேடிங்கில்தான். நிஃப்டி ஏறும் என்று நீங்கள் ஒரு ‘கால்’ ஆப்ஷன் வாங்கினால், ஏறாது என்று நினைக்கிற ஒருவர் அதை உங்களுக்கு விற்கிறார். உங்களுக்குப் பத்தாயிரம் லாபம் என்றால் அவருக்குப் பத்தாயிரம் நஷ்டம். நாலு பேர் ஆளுக்கு ஆயிரம் வைத்துச் சீட்டாடினால் விடிய விடிய ஆடினாலும் மேசையில் நாலாயிரம்தான் இருக்கும். கிளப்காரர் எடுத்ததுபோக இன்னும் குறையும். ஏற்றுமதியாளர்களும் பெரிய முதலீட்டாளர்களும் விலை சரிவிலிருந்து தப்பிக்க இந்தச் சந்தை தேவை என்பது உண்மை. ஹாஸ்டல் அறையில் உட்கார்ந்திருப்பவருக்கு அந்தத் தேவை என்ன?

பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வை யாராவது தமிழில் அச்சடித்துக் கல்லூரி வாசலில் ஒட்டலாம். 2021-22 முதல் மூன்று நிதியாண்டுகளில் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன் சந்தையில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம். மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். செலவு போக ஒரு லட்சத்துக்கு மேல் லாபம் பார்த்தவர்கள் 1 சதவீதம். முப்பது வயதுக்குக் கீழே உள்ளவர்களின் பங்கு ஒரே ஆண்டில் 31-இலிருந்து 43 சதவீதமாக ஏறியது. முக்கால்வாசிப் பேரின் ஆண்டு வருமானம் ஐந்து லட்சத்துக்கும் குறைவு. அந்தப் பணம் போனது எங்கே என்பதும் அதிலேயே இருக்கிறது: 2023-24-இல் சொந்தக் கணக்கில் வணிகம் செய்யும் நிறுவனங்கள் சுமார் 33,000 கோடியும், வெளிநாட்டு நிதி நிறுவனங்கள் சுமார் 28,000 கோடியும் லாபம் பார்த்தன. அதில் ஏறக்குறைய எல்லாம் கம்ப்யூட்டர் நிரல்கள் செய்த வணிகம். விரல் வைத்து ஆடுகிற பிள்ளைக்கு எதிரே உட்கார்ந்திருப்பது அதுதான். ஜெயிக்கிற அபூர்வமான பிள்ளை எடுத்துக்கொண்டு போவதும் தோற்ற ஒருவரின் பணத்தைத்தான்; அது தன்னைப் போன்ற இன்னொரு பிள்ளையின் சம்பளமாகவும் இருக்கலாம்.

மாதாமாதம் பணம் தருவதாகச் சொல்லி முதலீடு வாங்கிய ஈமு கோழிப் பண்ணைகளைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 2012-இல் பெருந்துறைப் பக்கம் அவை கவிழ்ந்து, பணம் போட்டவர்கள் ஏமாந்ததை வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். முதலில் சேர்ந்தவருக்கு மாதப் பணம் போனது பின்னால் சேர்ந்தவரின் முதலீட்டிலிருந்து. அங்கே ஆசைப்பட்டவர்கள் இளைஞர்கள் மட்டும் இல்லை; ‘பேராசை பெருநஷ்டம்’ சொல்கிற வயதுக்காரர்களும் நிறையப் பேர் வரிசையில் நின்றார்கள்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை பணம் வேண்டும் என்றால் திட்டாதீர்கள். எப்படி என்று கேளுங்கள். கடை போடப் போகிறான், மென்பொருள் எழுதப் போகிறாள் என்றால் முடிந்த உதவியைச் செய்யுங்கள். ஆப்ஷன் என்றால், வரி கட்டுவதற்காக புரோக்கர் ஆப்பில் லாப நஷ்ட அறிக்கை ஒன்று இருக்கும். நடந்த எல்லா வருஷத்துக்கும் அதை இறக்கி, கட்டணங்களைக் கழித்து, கடைசி எண்ணை இருவரும் சேர்ந்து பாருங்கள். அது மைனஸில் இருந்தால் ஆசையை விடச் சொல்லாதீர்கள், அந்தக் கணக்கை மூடச் சொல்லுங்கள்.