கிங் பேச்சுக்குக் கிடைத்த கப்

எங்க வீட்டு ஷெல்ஃப்ல ஒரு சின்ன கப் இருக்கு. ஒன்பதாவது படிக்கும்போது இங்கிலீஷ் எலொக்யூஷன்ல வாங்கினது. மார்ட்டின் லூதர் கிங் 1963ல் வாஷிங்டனில் பேசிய பேச்சை மனப்பாடம் பண்ணி, கையெல்லாம் ஆட்டிப் பேசினேன். மயிலாப்பூர் பக்கம் ஒரு கிறிஸ்தவ ஸ்கூல். ஹால் முழுக்கக் கைதட்டல். "கறுப்பின மக்கள் பட்ட கஷ்டத்தை அப்படியே கண்முன்னால கொண்டுவந்துட்டே"ன்னு மிஸ் பாராட்டினாங்க.

அதே வருஷம், அதே கிளாஸ்ல, ஸ்காலர்ஷிப் ஃபார்ம் வந்தது. ரிஜிஸ்டரைப் புரட்டிக்கிட்டே, "எஸ்.சி. பசங்க எல்லாம் எழுந்து நில்லுங்க"ன்னு ஒரு குரல். நாலு பேர் எழுந்தார்கள். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நண்பன் எழவில்லை.

எனக்கு இது ஞாபகமே இல்லை. போன வருஷம் பெசன்ட் நகர் பீச்ல அவன் சொல்லித்தான் தெரியும். "எழுந்தா காசு வரும், உட்கார்ந்தா ஃப்ரெண்ட்ஸ் இருப்பாங்க. ரெண்டையும் கணக்குப் போட்டுப் பார்த்தேன்டா, உட்கார்ந்துட்டேன். அம்மாகிட்ட ஃபார்ம் தீர்ந்துபோச்சுன்னு சொன்னேன்." கோபமா சொல்லல. சுண்டல் சாப்பிட்டுக்கிட்டே சொன்னான்.

அதுக்கப்புறம் அந்த கப்பைப் பார்க்கும்போதெல்லாம் ஒரே கேள்விதான். ஒரு கிறிஸ்தவ ஸ்கூல், இந்த ஊர்ல, கறுப்பின மக்களோட வரலாற்றைச் சொல்லிக்கொடுக்கணும்னா எப்படிச் சொல்லணும்? இன்னைக்கு எபிசோட் அதுதான்.

முதல்ல கிங்கையே எடுத்துக்குவோம். 1959 பிப்ரவரியில் அவரும் மனைவி கொரெட்டாவும் இந்தியா வந்து ஏறக்குறைய ஒரு மாசம் சுற்றினார்கள். மெட்ராஸ், மதுரை வழியாகத் திருவனந்தபுரம் வரைக்கும் போனார்கள். ஆறு வருஷம் கழித்து, 1965 ஜூலை 4 அன்று, அட்லாண்டாவில் தன்னுடைய சர்ச்சில் பிரசங்கம் பண்ணும்போது கிங் ஒரு சம்பவத்தைச் சொன்னார். திருவனந்தபுரத்தில் ஒரு பள்ளிக்கூடம், தீண்டத்தகாதவர் எனப்பட்ட குடும்பத்துப் பிள்ளைகள் படிப்பது. அங்கே தலைமையாசிரியர் இவரை எப்படி அறிமுகப்படுத்தினார் தெரியுமா? அமெரிக்காவிலிருந்து வந்திருக்கிற இன்னொரு தீண்டத்தகாதவர் என்று. கிங்குக்கு முதலில் சுருக்கென்று இருந்ததாம். அப்புறம் தன் நாட்டுக் கறுப்பின மக்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று யோசித்துப் பார்த்துவிட்டு, ஆமாம், நானும் தீண்டத்தகாதவன்தான் என்று ஒத்துக்கொண்டார்.

இதில் ஒரு முடிச்சு இருக்கு. கிங்குக்குக் கல்லூரியில் வழிகாட்டியாக இருந்தவர் பெஞ்சமின் மேஸ். அவர் 1936 கடைசியில் இந்தியா வந்து, வார்தாவில் காந்தியைச் சந்தித்தார். மைசூரில் ஒரு பள்ளியில் தனக்கு இதே மாதிரி அறிமுகம் நடந்ததாக மேஸும் எழுதியிருக்கிறார். அதனால் கிங் சொன்னது மேஸின் கதையாக இருக்கலாம் என்று நினைக்கிறவர்கள் உண்டு. எது எப்படியோ, கதையில் வரும் அந்த தலைமையாசிரியர் செய்ததைக் கவனியுங்க. அமெரிக்க வரலாற்றைத் தூரத்தில் வைத்துக் காட்டவில்லை. வந்தவரையும் எதிரே உட்கார்ந்திருந்த பிள்ளைகளையும் ஒரே வாக்கியத்தில் சேர்த்துவிட்டார். என் ஸ்கூல்ல எனக்கு நடக்காதது அதுதான்.

இந்தச் சேர்க்கை புதுசும் இல்லை. ஜோதிராவ் புலே 1873ல் 'குலாம்கிரி' எழுதினார். அடிமைமுறை என்று அர்த்தம். அந்தப் புத்தகத்தை, அடிமைமுறையை ஒழித்த அமெரிக்க மக்களுக்குத்தான் சமர்ப்பணம் செய்தார். அம்பேத்கர் 1946ல் கறுப்பின அறிஞர் டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். கறுப்பின மக்கள் ஐ.நா.வுக்குக் கொடுத்த மனுவின் பிரதி வேண்டும், இந்தியாவில் எங்களுக்கும் அது உதவும் என்ற எண்ணத்தோடு எழுதிய கடிதம். டுபாய்ஸ் பதிலும் போட்டார். 1966ல் கலிஃபோர்னியாவில் பிளாக் பாந்தர் கட்சி, 1972ல் மும்பையில் தலித் பாந்தர்ஸ், 1980களில் மதுரையில் அதன் தமிழ்நாட்டுக் கிளை. நாம தினமும் நியூஸ்ல கேட்கிற 'விடுதலைச் சிறுத்தைகள்' என்ற பெயரில் இருக்கிற சிறுத்தை அங்கிருந்துதான் வந்தது. இதை எந்த எலொக்யூஷனுக்கும் யாரும் எனக்குச் சொல்லல.

சரி, 'கிறிஸ்தவ' ஸ்கூல்னு ஏன் அழுத்திச் சொல்றேன்? ரெண்டு ஊர்லயும் தேவாலயம் இந்தக் கதைக்கு உள்ளேதான் இருந்தது.

அமெரிக்காவில் 1954ல் பிரவுன் வழக்குத் தீர்ப்பு வந்தது. அரசுப் பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாது என்று சொன்ன தீர்ப்பு. கறுப்பினப் பிள்ளைகளோடு தன் பிள்ளை உட்காரக் கூடாது என்று நினைத்த வெள்ளையர்கள், தென்மாநிலங்களில் தனியார் பள்ளிகளைத் திறந்தார்கள். அதில் பல, பெயரிலேயே கிறிஸ்தவப் பள்ளிகள். பாப் ஜோன்ஸ் என்ற கிறிஸ்தவப் பல்கலைக்கழகம் 1971 வரை கறுப்பின மாணவர்களைச் சேர்க்கவே இல்லை. வெவ்வேறு இனத்து மாணவர்கள் காதலிக்கக் கூடாது என்ற விதியை அது 2000ல்தான் எடுத்தது.

நம்ம ஊர்ல? தனி பெஞ்ச், நற்கருணைக்குத் தனிக் கிண்ணம் எல்லாம் இங்கே சர்ச்சுக்குள்ளேயே இருந்தது. 1833ல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி கூடாது என்று உத்தரவு போட்டார். தஞ்சாவூரிலும் இங்கே வேப்பேரியிலும் ஆதிக்க சாதிக் கிறிஸ்தவர்கள் பலர் சபையை விட்டே வெளியேறினார்கள்.

அதே காலத்தில்தான் ஜான் ஆண்டர்சன் என்ற ஸ்காட்டிஷ் பாதிரியார், 1837ல் ஜார்ஜ் டவுனில் ஒரு ஸ்கூல் தொடங்கினார். இன்னைக்கு நமக்குத் தெரிஞ்ச மெட்ராஸ் கிறிஸ்டியன் காலேஜின் வேர் அது. அடுத்த வருஷமே, தீண்டத்தகாதவர் எனப்பட்ட சமூகத்துப் பையன்கள் உள்ளே படிக்கிறார்கள் என்று தெரியவந்தது. அவர்களை அனுப்புங்கள், இல்லாவிட்டால் எங்கள் பிள்ளைகளை எடுத்துவிடுவோம் என்றார்கள் ஆதிக்க சாதிப் பெற்றோர்கள். ஆண்டர்சன் அனுப்பவில்லை. நிறைய பேர் வெளியேறினார்கள். ஸ்கூல் மூடலை, நின்றது. கிட்டத்தட்ட 190 வருஷத்துக்கு முன்னாடி, ஸ்டார்ட்அப் மாதிரி ரெண்டாவது வருஷத்தில் இருந்த ஒரு ஸ்கூல், ஃபீஸை விட இது முக்கியம்னு முடிவு எடுத்திருக்கு. மெட்ராஸ்லயே இப்படி ஒரு பாடம் இருக்கு.

இன்னொண்ணும் இருக்கு. அமெரிக்காவில் ஜேம்ஸ் கோன் என்ற இறையியலாளர் 1969ல் கறுப்பின இறையியலை எழுத ஆரம்பித்தார். ஒடுக்கப்பட்டவர் பக்கம் நிற்காத சர்ச் கிறிஸ்துவின் சர்ச்சே இல்லை என்பதுதான் சாரம். இங்கே 1980களில், கீழ்ப்பாக்கம் குருகுல் லூத்தரன் இறையியல் கல்லூரியில் ஏ.பி. நிர்மல் தலித் இறையியலைத் தனித் துறையாகவே நடத்தினார். அதாவது பாதிரியார் ஆகப் போறவங்களுக்கு இந்தப் பாடம் சென்னையிலேயே இருந்திருக்கு. அங்கிருந்து என் ஸ்கூலோட மாரல் சயின்ஸ் பீரியட் வரைக்கும் அது வந்து சேரல.

இப்போ நீங்க கேட்கலாம்: "ப்ரோ, இனமும் சாதியும் ஒண்ணா?" இல்லை. நிறம் கண்ணுக்குத் தெரியும். சாதியைத் தெரிஞ்சுக்கக் கேள்வி கேட்கணும். சொந்த ஊர் எது, எந்தத் தெரு, அப்பா பேர் என்ன, வீட்ல என்ன சமைப்பீங்க. தி.நகர்ல வாடகைக்கு வீடு தேடினவங்களுக்கு இந்த வரிசை அத்துப்படி. ஆனா பிறப்பை வைத்து மனுஷனுக்கு விலை போடுறது ரெண்டுலயும் இருக்கு. வேறுபாட்டையும் சேர்த்தே சொல்லிக்கொடுக்கலாம். வேற வேற என்பதால் பேசவே வேண்டாம் என்பதுதான் தப்பு.

"எங்க ஸ்கூல்ல சாதியெல்லாம் கிடையாது"ன்னு சொல்றவங்களும் உண்டு. நானும் ரொம்ப நாள் அப்படித்தான் சொன்னேன். எங்க ஆபீஸ்ல டெஸ்டர் ஒரு பக் காட்டினா, டெவலப்பர் முதல்ல சொல்ற பதில் "என் மெஷின்ல ஒழுங்கா ஓடுதே" என்பதுதான். அது பொய் இல்லை. அவன் மெஷின்ல நிஜமாவே ஓடும். நான் எழுந்து நிற்க வேண்டிய அவசியமே வராத கிளாஸ்ல உட்கார்ந்துக்கிட்டு, இங்க சாதி இல்லைன்னு சொன்னதும் அதே பதில்தான்.

சட்டத்திலேயே ஒரு சிக்கல் இருக்கு. 1950ல் குடியரசுத் தலைவர் போட்ட ஆணைப்படி, இந்துக்கள்தான் பட்டியல் சாதியில் வருவார்கள். 1956ல் சீக்கியர்களையும் 1990ல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவர்களைச் சேர்க்கவில்லை. சேர்க்கச் சொல்லி 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானம் போட்டது. அதனால, அந்த கிளாஸ்ல ஒரு தலித் கிறிஸ்தவப் பையன் இருந்திருந்தா, எழுந்து நிற்கிற லிஸ்ட்லயே இருந்திருக்க மாட்டான். தெருவுல மட்டும் எல்லாருக்கும் அவனைத் தெரிஞ்சிருக்கும்.

சரி, என்ன பண்ணலாம்? 2023 ஆகஸ்ட்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனையும் அவன் தங்கையையும் சக மாணவர்களே வெட்டியதற்குப் பிறகு, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் அரசு ஒரு குழு போட்டது. 2024 ஜூனில் அறிக்கை வந்தது. சாதிக் கயிறு கூடாது, வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இருக்கக் கூடாது, மாணவர்களை ஆசிரியர்கள் சாதியைக் குறிப்பிட்டு அழைக்கக் கூடாது என்றெல்லாம் பரிந்துரைகள். எழுந்து நில்லுங்கன்னு சொன்ன அந்தக் குரலுக்கு நேரான பதில் இதில் இருக்கு.

பாடத்துக்கு என் பங்குக்கு ஒண்ணு சொல்றேன். கிங்கைச் சொல்லிக்கொடுங்க, கண்டிப்பா. அதே வாரம் ஆண்டர்சன் ஸ்கூல் கதையையும் சொல்லுங்க. அப்புறம் பசங்ககிட்ட ஒரே ஒரு கேள்வி கேளுங்க: அன்னைக்கு வெளியே போனவங்கள்ல உங்க வீடு இருந்திருக்குமா? யாரும் கையைத் தூக்க வேண்டாம், எழுந்து நிற்கவும் வேண்டாம். வீட்டுக்குப் போய் யோசிச்சாப் போதும்.

இந்த எபிசோடைப் போடலாமான்னு நண்பன்கிட்ட கேட்டேன். "போடு. ஆனா பேர் சொல்லாதே"ன்னான். முப்பது வயசு ஆகப்போகுது, நல்ல வேலையில இருக்கான், இப்பவும் அவன் எழுந்து நிற்கத் தயாரா இல்லை. அதுல எனக்கு அவன்மேல எந்தக் குறையும் இல்லை.

உங்க ஸ்கூல்ல இது எப்படி நடந்ததுன்னு எழுதுங்க. பேர் வேண்டாம். அடுத்த வாரம் பார்ப்போம்.