பெரிய மேளமும் நமது கடமையும்

காரைக்குடியிலிருந்து திருப்பத்தூர் செல்லும் மார்க்கத்திலுள்ள பிள்ளையார்பட்டி, சிறிய கிராமமேயாயினும் தமிழ்நாடெங்கும் பெயர் பெற்றது. குன்றைக் குடைந்த கோயிலில், வலம்புரியாகச் சுழித்த துதிக்கையும் இரண்டே திருக்கரங்களும் கொண்டு வீற்றிருக்கும் கற்பக விநாயகரைத் தரிசிக்க நாள்தோறும் ஜனங்கள் திரளுகின்றனர். ஆவணிச் சதுர்த்தி உற்சவம் பத்து நாள் நடைபெறுகிறது. ஒன்பதாம் நாள் தேர். நகரத்தார் கோயில்கள் ஒன்பதில் ஒன்றாகிய இத்தலத்தின் சிற்பத்தைப் பற்றி எழுதியோர் பலர். இத்தகைய தலங்களில் சுவாமிக்கு முன்னே வாசித்துக்கொண்டு நடக்கும் மேளக்காரரைப் பற்றி எழுதியோர் மிகச் சிலரே. ஆகவே இன்று அவர்களைப் பற்றிச் சில வார்த்தைகள் கூற முன்வந்தோம்.

பெரிய மேளம் என்பது தனியொருவர் வித்தையன்று. நாதஸ்வரம் இரண்டு, தவில், ஒத்து, தாளம் என ஐவராவது கூடினாலன்றி அது பூர்த்தியாகாது. முதல் வித்வான் ராகத்தை விரிக்கும்பொழுது இரண்டாமவர் அவரைத் தொடர்ந்தும் தாங்கியும் வாசிக்கிறார். விரல் துளைகளற்ற ஒத்து, இடையறாது சுருதியை நிறுத்துகிறது. தவில்காரர் வலக்கை விரல்களில் கூடுகள் மாட்டி ஒரு முகத்தையும், இடக்கையில் கழி கொண்டு மற்றொரு முகத்தையும் முழக்குகிறார். தாளக்காரர் தவறினால் அனைவரும் தவறுவர். ஐரோப்பாவிலும் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் ஊதுகருவிகள் ஐந்து கூடிய கோஷ்டி உண்டு. அவர்கள் மண்டபத்தில் அமர்ந்து, எதிரே விரித்த ஏட்டைப் பார்த்து வாசிக்கின்றனர். நம்மவரோ ஏடின்றி, வீதியில் நடந்துகொண்டே, தீவட்டிப் புகைக்கும் ஜன நெருக்கத்துக்கும் நடுவே மணிக்கணக்காக மனோதர்மம் செய்கின்றனர்.

இவர்களுக்குப் பின்னே வேறு பல தொழிலாளரும் இருக்கின்றனர். கும்பகோணத்தையடுத்த நரசிங்கம்பேட்டையில் ஆசாரிகள் நாட்பட்ட ஆச்சா மரத்தைக் கடைந்து நாதஸ்வரம் செய்கின்றனர். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை விரும்பிய நீண்ட பாரி நாயனத்தை உருவாக்கித் தந்தவர் அவ்வூர் ரங்கநாதன் ஆசாரியே. அவ்வூர் நாதஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு 2022-இல் கிடைத்தது. நாணலைப் பக்குவம் செய்து சீவாளி கட்டுவது மற்றொரு நுண்தொழில். மேளத்துக்கு அழைப்புக் குறையுமாயின், இத்தனை குடும்பங்களின் அடுப்பும் தணிந்துவிடும் என்பதை அன்பர்கள் மறத்தலாகாது.

ஆலயத்தில் மேளம் வெறும் ஆடம்பரமன்று. சுவாமி புறப்படும் வேளைக்கு மல்லாரி. அதிலும் தேருக்கு ஒன்று, தீர்த்தத்துக்கு ஒன்று, தளிகைக்கு ஒன்று. காலையில் பூபாளம், இரவில் நீலாம்பரி. வீட்டுத் திண்ணையில் படுத்திருக்கும் முதியவரும், சுவாமி எந்த வீதியில் வருகிறார், எந்த உபசாரம் நடக்கிறது என்பதைச் செவியாலேயே அறிந்து கைகூப்புவர். சபைக்குச் சென்று சீட்டு வாங்க வசதியற்ற ஏழை ஜனங்கள் உயர்ந்த சங்கீதத்தைக் கேட்டது இந்த வீதிகளிலேதான்.

இந்நிலையில், தமிழ்நாட்டின் பல ஆலயங்களில் தீபாராதனை வேளையில் மின்சார விசையால் ஓடும் முரசும் மணியும் ஒலிக்கக் கேட்கிறோம். செலவு குறைவு, ஆள் வரவில்லையென்ற கவலையில்லை என்று அதற்குச் சமாதானம் கூறுவர். ஆள் ஏன் வரவில்லை என்பதையன்றோ முதலில் விசாரிக்க வேண்டும்? முற்காலத்தில் மேளக்காரருக்கு ஊழிய மானிய நிலங்கள் இருந்தன. 1963-ஆம் வருஷத்து மைனர் இனாம் ஒழிப்புச் சட்டத்தோடு அந்த ஏற்பாடு மாறிற்று. நிலத்தை நம்பியிருந்த ஊழியத்துக்கு அதற்கு ஈடான சம்பளம் வேண்டுமென்பது நியாயம். அதைக் கொடாமல் வைத்துக்கொண்டு, பின்னர் ஆளில்லை என்று இயந்திரம் வாங்குவது, தன் தவறையே தனக்குச் சாட்சியாக ஏற்றும் வழக்காகும்.

கூலி மட்டுமன்று, மரியாதையும் வேண்டும். 1930-ஐ ஒட்டிய காலத்தில், இதே செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில், மதுரை சிவக்கொழுந்து என்னும் வித்வான் தோளில் துண்டணிந்து வாசித்ததைச் சிலர் ஆட்சேபித்தனர். பட்டுக்கோட்டை அழகிரிசாமி அவ்வித்வானுக்காக வாதாடி நின்றார். சுயமரியாதை இயக்கத்தாரோடு நமக்குள்ள அபிப்பிராய பேதங்கள் பல. எனினும் அன்று நியாயம் துண்டணிந்தவர் பக்கமே இருந்தது என்பதை ஒளிக்காமல் கூறுவோம். ராஜரத்தினம் பிள்ளையும் தம் உடையாலும் நடையாலும் அம்மரியாதையைக் கேட்டு வாங்கினார். அவர் 1956-இல் காலமானார். ஆந்திர தேசத்தில் பிறந்து ஸ்ரீரங்கத்தில் குடியேறிய ஷேக் சின்ன மௌலானா, 1998-இல் சங்கீத கலாநிதி விருது பெற்றார். முஸ்லிம் ஒருவரது நாதஸ்வரத்தில் ஸ்ரீரங்கத்தார் மெய்மறந்து நின்றது, தேச ஒற்றுமைக்கு நூறு பிரசங்கங்களினும் மேலான சான்று. ஷெனாய் வாசித்த பிஸ்மில்லா கானுக்கு 2001-இல் பாரத ரத்தினம் கிடைத்தது கண்டு மகிழ்கிறோம். நாதஸ்வர வித்வான் எவருக்கும் அது இதுவரை கிடைக்கவில்லை என்பதையும் குறித்து வைக்கிறோம்.

தமிழிசைக்காகப் பொருளை வாரி வழங்கிய ராஜா ஸர் அண்ணாமலை செட்டியார் கானாடுகாத்தானில் தோன்றியவர். தமிழிசைச் சங்கம் 1943-இல் நிறுவப்பெற்றது அவர் முயற்சியால். அத்தகைய நாட்டிலே, பாட்டுக்கு அளித்த ஆதரவை வீதியில் வாசிப்பவனுக்கும் அளிப்பது அரிதாகாது. தேசத் தொண்டரை நாம் வேண்டுவன மூன்றே. தத்தம் ஊர் ஆலயத்தில் மேளக்காரர் எத்தனை பேர், அவர்கள் பெறும் சம்பளம் என்ன என்று தர்மகர்த்தாக்களிடமும் அதிகாரிகளிடமும் எழுத்து மூலம் கேளுங்கள். வீட்டுக் கல்யாணத்தில் ஐவரையும் அமர்த்தி, பந்தியில் அவர்களையும் உட்கார வைத்து உபசரியுங்கள். பயிலும் பிள்ளை ஒருவனுக்காவது ஒரு நாதஸ்வரம் வாங்கிக் கொடுங்கள். அடுத்த சதுர்த்தி உற்சவத்துக்கு முன்னர் ஊருக்கொருவர் இம்மூன்றில் ஒன்றையேனும் செய்து முடிப்பாரென நம்புகிறோம்.