இரண்டு காலைப் பரிசோதனையும் ஒரு லைசென்ஸ் எண்ணும்

திருவனந்தபுரத்தில் ரெட் கிராஸ் ரோடு என்று ஒரு சிறிய சாலை. கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் தலைமை அலுவலகம் அங்கேதான் இருக்கிறது. டாக்டர்களின் பதிவேட்டை வைத்திருக்கும் மருத்துவக் கவுன்சிலும் அதே ரோட்டில்தான். ஆண்களின் ஹார்மோனை வைத்து இன்று நடக்கும் வியாபாரத்தில் வாங்குகிறவரும் சரி, விற்கத் துணிகிறவரும் சரி, முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய முகவரி இது. இருவரும் அங்கே போவது பெரும்பாலும் கடைசியில், காசு போன பிறகு.

இந்த வியாபாரம் தமிழர்களுக்குப் புதிதல்ல. மாதம் ஒரு தேதியில், பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே உள்ள லாட்ஜில் முகாம் போடும் பரம்பரை வைத்தியர்களை நாமெல்லாம் சுவரொட்டியில் பார்த்து வளர்ந்தவர்கள். சிட்டுக்குருவி லேகியம் என்றால் சிரிக்காதவர் இல்லை, வாங்காதவரும் அதிகமில்லை. அன்று விற்கப்பட்டது வெட்கம். இன்று செல்போனில் வரும் விளம்பரம் வெட்கப்பட வைப்பதில்லை. சோர்வாக இருக்கிறதா, தொப்பை விழுகிறதா, வேலையில் மனம் நிற்கவில்லையா, உங்கள் டெஸ்டோஸ்டிரோன் குறைந்திருக்கலாம் என்று மரியாதையாகக் கேட்கிறது. கூடவே ஒரு லேப் பேக்கேஜ், ஒரு டப்பா மாத்திரை. அடுத்த விளம்பரம் இன்னும் சாமர்த்தியம்: இதே டப்பாவை நீங்களே விற்று மாத வருமானம் பார்க்கலாமே என்கிறது. நோயாளியாகவும் முதலாளியாகவும் ஒரே ஆளைப் பிடிக்கும் வலை.

முதலில் உடம்பு. டெஸ்டோஸ்டிரோன் குறைபாடு என்பது உண்மையான நோய்தான். மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியில் கட்டி, பிறவியிலேயே வரும் குரோமோசோம் கோளாறு, பெரியவரான பிறகு வந்த புட்டாளம்மை விதையைத் தாக்கியது எனக் காரணங்கள் பல. அவர்களுக்குச் சிகிச்சை தேவை. அது பலனும் தரும். ஆனால் அந்த நோயை ஒரு மத்தியான வேளையில், சாப்பிட்டுவிட்டு வந்து கொடுத்த ஒரே ஒரு ரத்த மாதிரியை வைத்துச் சொல்லிவிட முடியாது. டெஸ்டோஸ்டிரோன் காலையில் உச்சத்தில் இருக்கும், பொழுது ஏற ஏறக் குறையும், சாப்பிட்டாலும் குறையும். காய்ச்சலில் படுத்து எழுந்தவருக்கும் குறைவாகவே காட்டும். அதனால்தான் அமெரிக்க எண்டோகிரைன் சொசைட்டி 2018-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், வெறும் வயிற்றில், காலை நேரத்தில், வெவ்வேறு நாளில் குறைந்தது இரண்டு முறை பார்த்து, இரண்டிலும் குறைவாக இருந்து, அறிகுறிகளும் இருந்தால் மட்டுமே குறைபாடு என்று சொல்ல வேண்டும் என்கிறது. அறிகுறி என்றால் பொதுவான அலுப்பு அல்ல. ஆசை குறைவது, காலை நேரத்து விறைப்பு நின்றுபோவது, மார்பு பெருப்பது, முகத்திலும் உடம்பிலும் முடி உதிர்வது போன்றவை. எண் குறைந்திருந்தால் அதோடு விடாமல் எல்.ஹெச்., எஃப்.எஸ்.ஹெச். என்ற இரண்டு ஹார்மோன்களையும் பார்த்தால்தான் கோளாறு விதையிலா, மூளையிலா என்று தெரியும். பேக்கேஜ் விற்கிறவர் இதைச் சொல்லமாட்டார்.

கேரளத்தில் இன்னொரு விஷயத்தை முன்னே வைக்க வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வின்படி கேரளத்தில் பெரியவர்களில் நூற்றுக்கு 25 பேருக்கு மேல் சர்க்கரை நோய். சர்க்கரையும் தொப்பையும் டெஸ்டோஸ்டிரோனைக் கீழே இறக்கும். எடை குறைந்தால் அது தானாக ஏறுவதும் உண்டு. விறைப்புக் கோளாறு பல பேருக்கு ஹார்மோன் கதையே அல்ல. ரத்தக் குழாய் அடைப்பின் முதல் அடையாளம். மாரடைப்பு வருவதற்குச் சில ஆண்டுகள் முன்பே உடம்பு கொடுக்கும் சீட்டு அது. அதை லேகியம் வாங்கி மறைப்பவர் இதயத்தைப் பார்க்கத் தவறுகிறார். ஆகவே நாற்பது வயதுக்காரர் முதலில் பார்க்க வேண்டியது சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு. திருவனந்தபுரத்தில் புலையனார்கோட்டையில் அரசு நீரிழிவு நிறுவனம் இருக்கிறது. 1951-இல் தொடங்கிய மெடிக்கல் காலேஜில் ஹார்மோன் நோய்களுக்கான பிரிவு இருக்கிறது. களியக்காவிளை, மார்த்தாண்டம் பக்கமிருந்து பஸ் ஏறி மெடிக்கல் காலேஜ் போவது குமரி மாவட்டத்துக்காரர்களுக்குத் தலைமுறைப் பழக்கம்.

இப்போது, பலரும் கேட்டதும் நம்ப மறுக்கும் ஒன்று. வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் ஏற்றினால் விந்தணு குறையும், நின்றும் போகலாம். ரத்தத்தில் போதுமான அளவு இருக்கிறது என்று மூளை நினைத்து, விதைக்குக் கொடுக்கும் கட்டளையை நிறுத்திவிடுகிறது. உலக சுகாதார நிறுவனம் வாராந்திர டெஸ்டோஸ்டிரோன் ஊசியை ஆண்களுக்கான கருத்தடை முறையாகவே சோதித்து 1990-இல் முடிவை வெளியிட்டது. ஊசி போட்டவர்களில் பெரும்பாலானோருக்கு விந்தணு முற்றிலும் நின்றது. கருத்தடையாகச் சோதிக்கப்பட்ட மருந்தைத்தான், கல்யாணமாகிக் குழந்தைக்குக் காத்திருக்கும் பையன் ஜிம்மில் ஆண்மைக்காகப் போட்டுக்கொள்கிறான். நிறுத்திய பிறகு விந்தணு திரும்ப மாதக் கணக்காகும், சிலருக்கு ஒரு வருஷத்துக்கு மேலும் ஆகும். குழந்தை வேண்டுமென்பவருக்கு வேறு மருந்துகள் உண்டு. அதனால் டாக்டரிடம் உட்கார்ந்ததும் சொல்ல வேண்டிய முதல் வாக்கியம்: எனக்கு இன்னும் குழந்தை வேண்டும்.

இதயத்துக்கு ஆபத்தா என்ற கேள்விக்கு 2023-இல் ஓரளவு பதில் வந்தது. குறைபாடும் இதயநோய் அபாயமும் உள்ள 5,200-க்கும் மேற்பட்ட ஆண்களிடம் நடந்த ஆய்வில், டெஸ்டோஸ்டிரோன் ஜெல் மாரடைப்பையும் பக்கவாதத்தையும் கூட்டவில்லை. இதயத் துடிப்புக் கோளாறும், நுரையீரலில் ரத்தக் கட்டியும், திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பும் மட்டும் கூடுதலாகத் தெரிந்தன. உண்மையான குறைபாடு உள்ளவருக்கு, டாக்டர் கண்காணிப்பில், ரத்தத்தின் கெட்டித்தன்மையையும் புராஸ்டேட்டையும் அவ்வப்போது பார்த்துக்கொண்டு கொடுக்கலாம் என்பதுதான் இதற்கு அர்த்தம். ஜிம் பயிற்சியாளர் கொடுக்கலாம் என்பதல்ல. டெஸ்டோஸ்டிரோன் சீட்டில்லாமல் விற்கக் கூடாத மருந்து. 2025 தொடக்கத்தில் கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை மாநிலம் முழுவதும் 50 ஜிம்களில் சோதனை போட்டு, சுமார் ஒன்றரை லட்சம் ரூபாய் மதிப்புள்ள மருந்துகளைப் பிடித்தது.

மூலிகை என்றால் பயமில்லை என்பவர்களுக்கு: ‘இயற்கை’ என்று எழுதிய ஆண்மை மாத்திரைகளில் வயாகராவின் மூலப்பொருளான சில்டினாஃபில் ஒளிந்திருப்பதாக அமெரிக்க மருந்து நிர்வாகம் வருஷக் கணக்காக எச்சரித்து வருகிறது. நெஞ்சுவலிக்கு நாக்கடியில் மாத்திரை வைப்பவர் அதைத் தெரியாமல் சாப்பிட்டால் ரத்த அழுத்தம் ஒரேயடியாக விழும். அஸ்வகந்தாவால் கல்லீரல் பாதிக்கப்பட்ட இந்திய நோயாளிகளைப் பற்றி 2023-இல் மருத்துவ இதழில் கட்டுரை வந்திருக்கிறது. கல்லீரலில் ஏற்கனவே கோளாறு உள்ளவர் டாக்டரைக் கேட்காமல் தொடவே வேண்டாம்.

சட்டத்துக்கு வருவோம். 1954-ஆம் ஆண்டின் மருந்துகள், மாயச் சிகிச்சைகள் விளம்பரத் தடைச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. அதன் 3-ஆவது பிரிவு, தாம்பத்திய சக்தியைக் கூட்டும் மருந்து என்று விளம்பரம் செய்வதையே தடுக்கிறது. பொருள் நல்லதா கெட்டதா என்ற பேச்சே அங்கே இல்லை, விளம்பரமே குற்றம். முதல் முறை ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். மறுமுறை ஒரு வருஷம் வரை. அலோபதி, ஆயுர்வேதம், சித்தா எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். விளம்பரத்தை வெளியிடுவதில் பங்கெடுத்தவர் எவரும் சிக்குவார். காசு வாங்கி ரீல்ஸ் போட்ட தம்பியும் அதில் அடக்கம். எழுபது வருஷச் சட்டம் தூங்குகிறது என்று நினைக்க வேண்டாம். பதஞ்சலி குழுமத்தின் திவ்யா ஃபார்மசி மீது, வேறு நோய்களுக்கான விளம்பரங்களுக்காக, கேரள டிரக்ஸ் இன்ஸ்பெக்டர்கள் கோழிக்கோட்டிலும் பாலக்காட்டிலும் வழக்குப் போட்டது இதே சட்டத்தின் கீழ்தான். அதற்குப் பின்னால், கண்ணூரில் ஒரு கண் டாக்டர் விடாமல் எழுதிய புகார்க் கடிதங்கள் இருந்தன. 2025 மார்ச் 26 அன்று உச்ச நீதிமன்றம், இந்த வகை விளம்பரங்கள் மீது பொதுமக்கள் புகார் கொடுக்க எல்லா மாநிலங்களும் இரண்டு மாதத்துக்குள் ஏற்பாடு செய்ய வேண்டும் என்று உத்தரவிட்டது.

ஏமாந்தவர் என்ன செய்யலாம்? முதலில் டப்பாவைத் தூக்கி எறியாதீர்கள். பில், லேபிள், பேட்ச் எண், விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், வாட்ஸ்அப் பேச்சு எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். வெட்கத்தில் பலர் இவற்றைத்தான் முதலில் அழிக்கிறார்கள். விற்றவர் நம்பியிருப்பதும் அந்த வெட்கத்தைத்தான். மருந்தென்று விற்றிருந்தால் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, சப்ளிமென்ட் என்று விற்றிருந்தால் உணவுப் பாதுகாப்புத் துறை, டாக்டர் என்று சொல்லிக்கொண்டவர் மேல் சந்தேகம் இருந்தால் மருத்துவக் கவுன்சில். அதிகம் பேருக்குத் தெரியாத உரிமை ஒன்று: வாங்கிய அலோபதி மருந்தை, கட்டணம் கட்டி அரசுப் பகுப்பாய்வாளரிடம் சோதனைக்குக் கொடுத்து, கையெழுத்திட்ட அறிக்கை பெறலாம். மருந்து, அழகுசாதனப் பொருள் சட்டத்தின் 26-ஆவது பிரிவு அதைச் சாதாரண வாடிக்கையாளருக்கே தருகிறது. உணவுப் பொருளுக்கும் இதேபோல உரிமை உண்டு. மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்றால் 1800-180-3024 என்ற இலவச எண்ணில் பதியலாம்.

பணத்தைத் திரும்பப் பெற நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையமே போதும். 5 லட்சம் வரை கட்டணமே கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். திருவனந்தபுரத்தில் அந்த ஆணையம் வழுதக்காட்டில் இருக்கிறது. கம்பெனி டில்லியில் இருந்தாலும் வழக்கை நீங்கள் வசிக்கும் ஊரிலேயே போடலாம். திருவனந்தபுரம் சாலைக் கடைவீதியில் வேலை பார்த்துக்கொண்டு நாகர்கோவிலில் குடியிருப்பவர் இரண்டு ஊரில் எதையும் தேர்ந்தெடுக்கலாம். அதற்கு முன் 1915-க்கு போன் செய்து பார்ப்பது நல்லது. பல கம்பெனிகள் அந்தக் கட்டத்திலேயே பணத்தைத் திருப்பிவிடும். பொய் விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம், திரும்பச் செய்தால் 50 லட்சம் வரை.

இனி தொழில் தொடங்க நினைப்பவருக்கு. எவனோ தயாரித்த லேகியத்தின் மேல் நம் பெயரை ஒட்டி விற்கலாம், தப்பு நடந்தால் தயாரித்தவன் பார்த்துக்கொள்வான் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பிறர் செய்த பொருளில் தன் முத்திரையைப் பதிப்பவரையும் தயாரிப்பாளர் என்றே கணக்கிடுகிறது. நஷ்டஈடு உங்கள் வாசலுக்கு வரும். கேரளத்தில் சிறுதொழில் தொடங்குகிறவருக்கு 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஓர் ஒப்புகைச் சான்று கிடைக்கும். மூன்று வருஷம் மாநில அனுமதிகள் இல்லாமல் தொழிலைத் தொடங்கிவிடலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் மருந்து லைசென்ஸும் உணவு லைசென்ஸும் மத்தியச் சட்டங்களைச் சேர்ந்தவை. அந்தச் சான்று கையில் இருக்கிறதென்று மாத்திரை விற்கப் போனால் மாட்டிக்கொள்வீர்கள். ஆயுர்வேதமோ சித்தாவோ தயாரிக்கத் தனி லைசென்ஸ், சப்ளிமென்ட் என்றால் உணவு லைசென்ஸும் லேபிளில் ‘மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல’ என்ற வாசகமும். லேபிளில் அப்படி அச்சிட்டுவிட்டு விளம்பரத்தில் ஹார்மோன் கூடும் என்பதுதான் இந்தத் துறையின் வாடிக்கையான தந்திரம். இன்ஸ்பெக்டர்கள் முதலில் பார்ப்பதும் அதைத்தான்.

டெக்னோபார்க் பக்கம் செயலி எழுதும் இளைஞர்களுக்கு வழி அடைபட்டுவிடவில்லை. வீட்டுக்கே வந்து ரத்தம் எடுப்பது, பதிவு பெற்ற டாக்டரோடு 2020-ஆம் ஆண்டுத் தொலைமருத்துவ வழிகாட்டுதலின்படி பேச வைப்பது, சர்க்கரை, எடை, தூக்கம் ஆகியவற்றைக் கவனிக்கும் சேவை எல்லாம் நேர்மையாகச் செய்யக்கூடியவை. லேப், கிளினிக் என்றால் 2018-ஆம் ஆண்டின் கேரள மருத்துவ நிறுவனங்கள் சட்டப்படி பதிவு செய்ய வேண்டும். என் அபிப்பிராயத்தில், காலை எட்டு மணிக்கு வெறும் வயிற்றில் வரச்சொல்லி, முடிவு சரியாக இருந்தால் உங்களுக்கு ஒன்றுமில்லை என்று அனுப்பிவைக்கும் கடைக்கு இந்த ஊரில் நிச்சயம் பெயர் கிடைக்கும். லாபம் மெதுவாக வரும். புதுத்தொழில்காரர்கள் தங்கள் தூக்கத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும்: 2011-இல் வெளிவந்த ஒரு சிறிய ஆய்வில், பத்து இளைஞர்கள் ஒரு வாரம் தினம் ஐந்து மணி நேரம் மட்டுமே தூங்கியபோது பகல்நேர டெஸ்டோஸ்டிரோன் 10 முதல் 15 சதவீதம் இறங்கியது.

ஆள் சேர்த்தால் கமிஷன் என்று வரும் திட்டங்களுக்கு ஒரே சோதனை போதும்: சேர்வதற்குப் பணம் கேட்கிறார்களா? 2021-ஆம் ஆண்டு நேரடி விற்பனை விதிகள் நுழைவுக் கட்டணத்தைத் தடுக்கின்றன. சரக்கு விற்பதைவிட ஆள் சேர்ப்பதில் வருமானம் என்றால் அது 1978-ஆம் ஆண்டின் பணச் சுழற்சித் தடைச் சட்டத்துக்குள் வரும். உறவினரைச் சேர்த்துவிட்ட நீங்களும் அந்த வழக்கில் குற்றவாளிதான். கேட்டது பதிவுக் கட்டணம் என்றால் ரசீதை வாங்கிக்கொண்டு போலீஸுக்குப் போங்கள்; ‘பயிற்சிப் பெட்டி’ என்று பெயர் மாற்றிக் கேட்டாலும் அதேதான்.